ஒரே கூட்டில் இரு பாம்புகள்

மந்தைவெளியிலிருந்து அடையாறு வழியாகக் கிண்டிக்குச் சென்றால், சிறுவர் பூங்காவை அடுத்துப் பாம்புப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1972-ஆம் ஆண்டு அங்கு அமைத்தது. கண்ணாடிக்குப் பின்னே தனித்திருக்கும் பாம்பைக் கண்டு, "பாவம், துணைக்கு இன்னொன்றை விடக்கூடாதா?" என்று இரங்குவோர் உண்டு. தோழியரே, அந்த இரக்கம் பாம்புக்கு நன்மை செய்வதன்று என்பது எங்கள் கருத்து.

ராஜநாகத்தின் முக்கிய உணவே பிற பாம்புகள்தாம். கட்டுவிரியனும் பாம்பைத் தின்னும். அவற்றுக்குத் துணையாக விட்டது இரையாகவே முடியும். எலி தின்னும் பாம்புகளுக்குள்ளும் ஆபத்து இல்லாமலில்லை. ஒரே எலியை இரண்டும் இரு முனையில் கவ்விக்கொண்டால் என்னவாகும்? பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கவ்வியதை எளிதில் விடாது. எலியோடு மற்றதன் தலையும் உள்ளே போய்விடலாம்.

நாகமும் சாரையும் பிணைந்தாடுவதாக நம் பாட்டிமார் சொல்வார்களே, அது உண்மையில் இரண்டு ஆண் சாரைகள் பெண்ணுக்காகவோ இடத்துக்காகவோ மல்லுக்கு நிற்பது. வயலில் தோற்ற சாரை வரப்பைத் தாண்டி ஓடிவிடும். கூட்டில் அது எங்கே ஓடும்? வென்ற பாம்பின் கண்முன்னேயே நாள் முழுதும் கிடக்க வேண்டும். அஞ்சி இரையெடுக்காமல் மெலியும்.

இரண்டு பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடந்தால் அன்பு என்று மகிழ்கிறோம். பெரும்பாலும் அது ஒரே வெதுவெதுப்பான மூலைக்கு நடக்கும் போட்டி! ஒன்று இரையைக் கக்கினால், கக்கியது எது என்றுகூடத் தெரியாது. உண்ணியும் தொற்றுநோயும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும். புதிதாக வந்த பாம்பைச் சில மாதங்களாவது தனியே வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

கனடாவின் மானிட்டோபாவில் ஆயிரக்கணக்கான பாம்புகள் ஒரே பொந்தில் கூடுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். அவை உறைபனிக்குத் தப்பக் கூடுபவை. வேனில் வந்ததும் தத்தம் வழியே பிரிந்து போகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வேனில் வருவதே இல்லை.

நம் நாட்டுப் பாம்புகளைச் செல்லப்பிராணியாக வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே ஆசைப்படுவோர் அயல்நாட்டுப் பாம்புகளைத் தேடுகின்றனர். 2022, 2023 ஆண்டுகளில் சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். இத்தகைய பாம்பை முறைப்படி வைத்திருப்போரும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவோடு, பாம்புக்கு ஒரு கூடு என்பதையும் கட்டாயமாக்கினால் என்ன? இரண்டு பாம்பு வாங்கப் பணம் உள்ளவருக்கு இரண்டாவது பெட்டி பெரிய செலவாகாது.