வாங்கத் தெரிந்தால் போதுமா?

பங்குச் சந்தையில் ஆர்வம் கொண்ட தம்பி தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்தப் பங்கை வாங்கலாம்?" எப்போது விற்பது என்று கேட்பவர் மிகக் குறைவு. மரம் ஏறக் கற்றவன் இறங்கவும் கற்றிருக்க வேண்டாமா? தொழில்நுட்பப் பங்குகளைப் பொறுத்தவரை, விற்கத் தெரியாதவர் வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

அரிசி விற்கும் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அரிசி விற்கலாம். தொழில்நுட்பத்தில் அப்படியில்லை. இன்று எல்லாரும் வாங்கும் பொருள் நாளை தேவையற்றதாகிவிடலாம்.

நம் ஊர் நிறுவனமான கிரியேட்டிவ் டெக்னாலஜியையே எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்த அதன் 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை, வெறும் 'பீப்' ஒலி எழுப்பிக்கொண்டிருந்த கணினிகளைப் பாட வைத்தது. 1992இல் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் அதுதான். 2000ஆம் ஆண்டில் அதன் பங்கு 60 வெள்ளியையும் தாண்டியது. ஆனால் கணினித் தயாரிப்பாளர்கள் ஒலி வசதியைத் தாய்ப்பலகையிலேயே சேர்த்துவிட்டதால், பெரும்பாலோருக்குத் தனி அட்டை தேவையில்லாமல் போயிற்று. 2001இல் வந்த ஐப்பாட், கையடக்க இசைக்கருவிச் சந்தையைக் கைப்பற்றியது. காப்புரிமை வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஆப்பிள் 2006இல் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. ஆனால் சந்தை திரும்பி வரவில்லை. 2018 தொடக்கத்தில் பங்கு விலை இரண்டு வெள்ளிக்கும் கீழே இருந்தது.

இதில் இரகசியம் எதுவுமில்லை. சிம் லிம் ஸ்குவேரில் கணினி வாங்கிய எவருக்கும் அந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்கும். பங்கை வாங்கிய காரணம் மறைந்தால் விற்க வேண்டும் என்பதே முதல் பாடம். அதற்கு அந்தக் காரணம் என்னவென்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே, வாங்கும் நாளிலேயே அதை ஒரு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். 'நண்பன் சொன்னான்' என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை என்றால், பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

நிறுவனம் நன்றாக இருந்தும் விற்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. 2000 மார்ச்சில் சிஸ்கோவின் பங்கு 80 டாலரை எட்டியது. ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஆண்டு இலாபத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான விலை அது! சிஸ்கோ நொடித்துப் போகவில்லை. 2000ஆம் நிதியாண்டில் சுமார் 1,900 கோடி டாலராக இருந்த அதன் வருவாய், 2023இல் சுமார் 5,700 கோடியாக உயர்ந்தது. ஆனால் பங்கு அந்தப் பழைய உச்சத்தை மீண்டும் தொடக் கால் நூற்றாண்டு ஆயிற்று. எவ்வளவு நல்ல நிறுவனமானாலும் அதற்கென்று ஒரு நியாயமான விலை உண்டு.

விலை விழுந்துவிட்டது என்பது மட்டும் விற்பதற்குக் காரணம் ஆகாது. 1999 டிசம்பரில் நூறு டாலரைத் தாண்டிய அமேசான் பங்கு, 2001இல் ஆறு டாலருக்கும் கீழே சென்றது. அப்போதும் அதன் விற்பனை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதே சரிவில் சிக்கிய பெட்ஸ்.காம் 2000 நவம்பரில் கடையையே மூடியது. விலையை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

மனிதமனம் இதற்கு நேர்மாறாகவே வேலை செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன் 10,000 முதலீட்டுக் கணக்குகளை ஆராய்ந்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலாபம் தரும் பங்கை மக்கள் அவசரமாக விற்கிறார்கள். நட்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டறிந்தது. "போட்ட பணம் திரும்பி வந்ததும் விற்றுவிடுவேன்" என்று நாமும் சொல்கிறோம். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது. பாதியாகக் குறைந்த பங்கு பழைய நிலைக்கு வர, இரு மடங்காக வேண்டும். "இன்று கையில் பங்கு இல்லை, பணம்தான் இருக்கிறது என்றால், இதே விலைக்கு இதை வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் விற்றுவிடுங்கள். சிங்கப்பூரில் தனிநபர் பங்கு விற்று ஈட்டும் ஆதாயத்துக்குப் பொதுவாக வரியும் இல்லை. எனவே வரியைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வழியில்லை.

தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியில் சேரும் நம் பட்டதாரிகளுக்கு ஒரு சொல். ஊதியத்தின் ஒரு பகுதியை நிறுவனப் பங்காகவே தருவார்கள். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரைப் பணிநீக்கம் செய்தபோது, அதன் பங்கும் அந்த ஆண்டில் பாதிக்கும் மேல் சரிந்திருந்தது. பின்னர் விலை மீண்டது உண்மை. ஆனால் வேலை போன மாதத்தில் வீட்டுத் தவணை காத்திருக்குமா? சம்பளமும் சேமிப்பும் ஒரே கயிற்றில் தொங்கக் கூடாது. பங்குகள் கைக்கு வரவர ஒரு பகுதியை விற்று வேறிடத்தில் சேர்ப்பதே விவேகம்.

விற்ற பிறகு விலை ஏறினால்? ஏறட்டும். உச்சியில் விற்பவர் அதிர்ஷ்டசாலி. காரணத்தோடு விற்பவர் அறிவாளி. அதிர்ஷ்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. 'காலமறிதல்' என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்து வளர்ந்த நமக்கு, காத்திருக்கவும் விலகவும் நேரம் உண்டு என்பது புதிய செய்தியா என்ன? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். பெற்றோர் ஓய்வின்றி உழைத்துச் சேர்த்த பணமும், நாளை நாம் உழைத்துச் சேர்க்கப்போகும் பணமும் அந்த அளவையே நம்பியிருக்கின்றன. வாங்கும் கை அளக்கட்டும். விற்கும் கையும் அளக்கட்டும்.