விசுவாசம் யாருக்கு?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் கடைவாசல்களிலும் கார்களிலும் ஜாலூர் கெமிலாங் பறக்கத் தொடங்கிவிடும். கூடவே பல வீடுகளில் ஒரு வாக்குவாதமும் தொடங்கும். "இந்த அரசாங்கம் நமக்கு என்ன செஞ்சுச்சுன்னு நான் கொடி கட்டணும்?" என்பான் வேலைக்குப் போகும் மகன். "நாம சாப்பிட்டதே கவர்மெண்டு சோறுடா" என்பார் ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அரசு ஊழியர்கள் குடியிருந்த வட்டாரம் இது. அப்பா அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கொடியை அரசாங்கத்தின் சொத்தாக நினைப்பதில் அப்பாவும் மகனும் ஒரே கட்சி. ஒருவர் அதற்காகக் கட்டுகிறார், மற்றவர் அதற்காகவே கட்ட மறுக்கிறார்.

பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த ருக்குன் நெகாராவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31இல் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் இரண்டாவது கோட்பாடு 'கெசெத்தியாஆன் கெபாடா ராஜா டான் நெகாரா'. மாமன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம். அடுத்த இரண்டும் அரசமைப்புச் சட்டத்தையும் சட்டத்தின் ஆட்சியையும் சொல்கின்றன. ஆளும் கட்சியை நம்ப வேண்டும், அமைச்சரைச் சந்தேகிக்கக் கூடாது என்று ஐந்தில் எங்குமே இல்லை. மலாயில் 'கெராஜாஆன்' என்ற சொல்லுக்குள்ளேயே ராஜா இருக்கிறார், தமிழில் 'அரசு'க்குள் அரசன் இருப்பது போல. குழப்பம் அங்கிருந்தே வருகிறதோ என்னவோ!

இந்தக் குழப்பத்தின் விலையை நம் சமுதாயம் நன்றாகவே அறியும். 2007 நவம்பர் 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஹிண்ட்ராஃப் அழைப்பை ஏற்று, பல்லாயிரம் பேர் ஜாலான் அம்பாங்கில் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கித் திரண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களாகக் கொண்டுவந்த நம் முன்னோரை, சுதந்திரத்தின்போது தக்க பாதுகாப்பில்லாமல் விட்டுச் சென்றதற்காகப் பிரிட்டன்மீது வழக்கு. அதை நடத்த வழக்கறிஞரை நியமிக்கும்படி மகாராணிக்கு ஒரு மகஜர். கையில் காந்தி படமும் மகாராணி படமும் ஏந்தி வந்தவர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் கிடைத்தன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், தீபாவளிக்கு முந்தைய நாள்களில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டிருந்தது.

வந்தவர்களைச் சந்தேகப் பார்வை சூழ்ந்தது. பயங்கரவாத இயக்கங்களின் ஆதரவைத் தேடுகிறார்கள் என்று போலீஸ் படைத் தலைவரே சொன்னார். டிசம்பர் 13இல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் ஐ.எஸ்.ஏ. சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

நாட்டின்மேல் பற்றில்லாத கூட்டம் அடுத்து என்ன செய்திருக்கும்? வெறுத்து ஒதுங்கியிருக்கும். கிள்ளான் மக்கள் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். 2008 மார்ச் 8இல் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் எம்.மனோகரன் வென்றபோது, அவர் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார். சுங்கை சிப்புட்டில் 1974 முதல் இருந்த சாமிவேலு தோற்றார். தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. அரசாங்கத்தின்மேல் இருந்த அவநம்பிக்கையைத் தேர்தல் என்ற நாட்டின் ஏற்பாட்டின்மேல் வைத்த நம்பிக்கையால் பேசினார்கள். என் கணக்கில் அந்த ஆண்டு நடந்த மிகப் பெரிய தேசபக்திச் செயல் அது.

அரசாங்கமும் பதில் சொன்னது. 2010 அக்டோபரில் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மகஜரில் யாரும் அலங்கார வளைவு கேட்டதாக எனக்கு நினைவில்லை.

2018க்கு வருவோம். ஆட்சி மாறிய சில வாரங்களில் நாட்டுக் கடனை அடைக்க தாபோங் ஹராப்பான் தொடங்கியபோது 20 கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. 1எம்டிபி விவகாரத்தில் வெறுத்துப் போயிருந்த அதே மக்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். நாடு தங்களுடையது என்று நினைக்காதவர்கள் அதன் கடனை அடைக்க முன்வர மாட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டோம், 'நம்ம ஆட்சி' என்று. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பெயரில் 12 பேர் கைதானார்கள். அவர்களில் இருவர் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஜ.செ.க.வின் சட்டமன்ற உறுப்பினர்கள். பயன்படுத்தப்பட்ட சட்டம், ஐ.எஸ்.ஏ. 2012இல் ஒழிந்தபோது அதன் இடத்துக்கு வந்த சொஸ்மா. அதன் கொடிய விதிகளை நீக்குவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது! ஜாமீன் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். அடுத்த சில நாள்களில் அந்த ஆட்சியே கவிழ்ந்தது தனிக்கதை.

மாமாக் கடையில் தே தாரிக்கோடு "எல்லாரும் திருடனுங்க" என்று சொல்லி எழுந்து போகிறோமே, அந்த அவநம்பிக்கையால் எந்த ஆட்சிக்கும் தலைவலி இல்லை. எல்லாரும் திருடர் என்றால் எந்தத் திருட்டையும் குறிப்பாகக் கேட்க வேண்டியதில்லை. குறிப்பாகக் கேட்பதுதான் சிரமம்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் கை தூக்கினார்?

உதாரணத்துக்கு ஒன்று. ஒருவரை 28 நாள் வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்க அனுமதிக்கும் சொஸ்மா பிரிவுக்குக் கால வரம்பு உண்டு; அதை நாடாளுமன்றம் நீட்டித்தாக வேண்டும். 2022 மார்ச்சில் மக்களவை 86க்கு 84 என்ற வாக்கில் மறுத்தது. இரண்டே வாக்கு! அதே ஆண்டு ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து 5 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அந்தக் கணக்கில் 2027 ஜூலையோடு அது முடிகிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் முன்பு எந்தப் பக்கம் வாக்களித்தார், இனி எந்தப் பக்கம் என்று அவருடைய சேவை மையத்தில் கேட்கலாம். காரில் கொடி கட்டிக்கொண்டே போய்க் கேட்கலாம்.