9.2 என்றாலே ஓட்டையா?

டெபியன் 12 ஓடும் சர்வரை ஸ்கேன் செய்துவிட்டு ஆடிட்டர் தரும் அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்: 'ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2 பழையது. உடனே 9.8-க்கு மாற்றவும்.' மேலாளர் பதறுவார். பேக்போர்ட்ஸையோ, அதைவிட மோசமாக, நிலையற்ற கிளையான சிட் களஞ்சியத்தையோ சேர்த்து யாராவது புதியதை ஏற்றிவிடுவார்கள். அறிக்கை பச்சையாகிவிடும். சர்வர் பத்திரமாகிவிட்டதா என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய எண் என்றால் பத்திரம், சின்ன எண் என்றால் ஓட்டை என்ற இந்த நம்பிக்கை சுத்த சோம்பேறித்தனம்.

அந்த 9.8 எதற்காக வந்தது? 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் ஓர் ஓட்டையை அம்பலப்படுத்தியது. கடவுச்சொல்லே தெரியாத ஒருவர் வெளியிலிருந்து ரூட் அதிகாரம் வரை போக வழிவிடும் ஓட்டை. டெபியன் அன்றைக்கே அதை அடைத்தது. 9.8-ஐ இறக்கி அல்ல. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய 9.2-இலேயே பொருத்தி. பொதியின் முழுப்பெயர் 9.2பி1-2+டெப்12யு3 என்று ஆனது. சேதி '+டெப்12யு3' என்ற அந்த வாலில்தான் இருக்கிறது. சர்வர் அந்த வாலை வாசலிலேயே சொல்லவும் செய்கிறது. பல ஸ்கேனர்கள் 9.2-உடன் படிப்பதை நிறுத்திக்கொள்கின்றன. (வாலை மறைத்து வைத்தால் நல்லது என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. அப்புறம் ஸ்கேனர் எதைப் பார்த்துத் திருந்தும்?)

இன்னொரு வேடிக்கை. அதே பிழை 2006-இலேயே ஒருமுறை அடைக்கப்பட்டதுதான். 8.5-இல் செய்த மாற்றம் அதை மீண்டும் திறந்துவிட்டது. அதனால் டெபியன் 11-இல் இருந்த 8.4-க்கு இந்த ஓட்டையே கிடையாது. புதுசு வேண்டும் என்று அதிலிருந்து தாவியவர்கள் ஓட்டையைத் தேடிப் போய் வாங்கியிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் பிடிபட்ட பின்கதவும் 5.6.0, 5.6.1 பதிப்புகளில்தான் இருந்தது. சிட்டும் டெஸ்டிங்கும் மாட்டிக்கொண்டன, 5.4.1-உடன் இருந்த டெபியன் 12 தப்பியது.

பேக்போர்ட்ஸ் மீது எனக்குக் கோபமில்லை. டெஸ்டிங்கில் இருக்கும் பொதியை நிலைப்பதிப்புக்காக மறுபடி கட்டித் தருவது அருமையான வேலை. புது லேப்டாப்பின் வைஃபையை 6.1 கர்னல் கண்டுகொள்ளவில்லையா, அங்கிருந்து கர்னலை எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களுக்குப் பழைய பதிப்பில் ஒட்டுப்போட்டு மாளாது என்பதால் டெபியனே புதிய ஈஎஸ்ஆர் பதிப்பைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் டெபியனின் பாதுகாப்புக் குழு பேக்போர்ட்ஸைக் கவனிப்பதில்லை. பொதியைக் கொண்டுவந்த தன்னார்வலர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். திருத்தம் பொதுவாக சிட்டுக்கு வந்து, டெஸ்டிங்குக்கு இறங்கி, அதன் பிறகே அங்கே வரும். நீங்களாகக் கேட்காமல் ஆப்ட் அதிலிருந்து எதையும் புதிதாக நிறுவாது. முன்னுரிமையை 100 என்று தாழ்த்தி வைத்திருப்பது காரணத்தோடுதான்.

அந்தச் சிவப்பு வரி மறுபடி வந்தால், டெபியனின் பாதுகாப்பு டிராக்கரில் ஓட்டையின் சிவிஇ எண்ணைத் தேடிப் பார்க்கும்படி ஆடிட்டரிடம் சொல்லுங்கள். எந்த வெளியீட்டில், எந்த வாலோடு அடைக்கப்பட்டது என்று அங்கே வரிசையாக இருக்கும். பார்த்த பிறகும் 9.8-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எழுத்தில் கேளுங்கள். அடுத்த திருத்தம் பேக்போர்ட்ஸுக்கு வரத் தாமதமானால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதித் தரட்டும்.