சுபாங் வேற, கேஎல்ஐஏ வேற

தை அமாவாசை ராமேஸ்வர யாத்திரைக்குப் பினாங்கிலிருந்து வர்றவங்க டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

சிலர் பினாங்கு–சுபாங், அப்புறம் கேஎல்ஐஏ–திருச்சின்னு தனித்தனியா எடுக்கிறீங்க. ரெண்டுமே கோலாலம்பூர் பேருலதான் வரும். ஆனா சுபாங்கிலிருந்து சிப்பாங் 60 கிலோமீட்டர் பக்கம். ரோடு காலியா இருந்தா ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையும் சேர்ந்தா கணக்கே இல்ல. கேஎல் சென்ட்ரல்ல ரயில் பிடிச்சா 28 நிமிஷம்தானேன்னு கேப்பீங்க. சென்ட்ரலுக்குப் போய்ச் சேர்றதுதான் பாடு. தனி டிக்கெட்னா பெட்டியையும் நாமதான் எடுத்து மறுபடி போடணும்.

ஒரு வருஷம் ஓர் அக்காவுக்கு இப்படி டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான்தான். நடுவுல மூணேகால் மணி நேரம் இருக்கே, போதும்னு நினைச்சேன். 40 ரிங்கிட் மிச்சம்னு பெருமை வேற. அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள கவுன்டர் மூடியாச்சு. மடியில கணவரோட அஸ்தி. அமாவாசை அன்னைக்கு அக்னி தீர்த்தத்துல கரைக்கணும்னு கிளம்பினவங்க. "பரவால்ல தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாகூட தேவலாம்.

பத்துமலைக்கு மட்டும் வர்றவங்களுக்கு சுபாங் நல்ல வசதி, அதைக் குறை சொல்லல. யாத்திரைக்கு வேண்டாம். நேரா கேஎல்ஐஏவுக்கே வாங்க, முடிஞ்சா முதல் நாளே. டெர்மினல் 1-ஆ 2-ஆன்னும் பாத்துக்குங்க.

ஏற்கனவே சுபாங் டிக்கெட் எடுத்தவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, காலை விமானத்துக்கு மாத்த முடியுமான்னு சேர்ந்து பாப்போம்.