டியூப்லைட் ரிட்டயர் ஆகிறார்

ஆபீஸில் ஒரு ஜோக் சொல்கிறீர்கள். எல்லோரும் சிரித்து முடித்து டீக்கு எழுந்து போன பிறகு, ஒருத்தர் மட்டும் தனியாகச் சிரிப்பார். அவருக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயர் டியூப்லைட். வருங்காலப் பிள்ளைகளுக்கு இந்தக் கிண்டல் புரியாது. எல்.இ.டி. டியூப், ஸ்விட்சைத் தட்டினதுமே பளிச்சென்று எரிந்து தொலைக்கிறது!

கோபாலபுரத்தில் எங்கள் தெருமுனை டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் போன வாரம் இந்த மாற்றம் நடந்தது. மொத்தம் எட்டு டியூப்லைட். ஓரம் கறுத்து, சோக் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டு, வோல்டேஜ் இறங்கினால் ஸ்டார்ட்டரைத் திருகினால்தான் எரிவேன் என்று அடம்பிடிக்கிற ரகம்.

"சார், நீங்க பி.காம். மாத்தினா கட்டுமா, சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

போட்டுப் பார்த்தேன். பழைய டியூப் 40 வாட்ஸ். இது ஊருக்குத் தெரிந்த கணக்கு. ஊருக்குத் தெரியாதது, அந்த தாமிரக் கம்பி சோக் சும்மா சூடாகிக்கொண்டே தின்னும் 12 வாட்ஸ். ஆக 52. எல்.இ.டி. 20. மிச்சம் 32. எட்டு லைட், நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 66 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஐந்நூறுக்கு மேல். டியூப் ஒன்று 250 என்றால், போட்ட 2,000 நாலே மாதத்தில் கைக்கு வந்துவிடும். எந்த பாங்க் ஸார் தருகிறான் இந்த வட்டி?

வயரிங் செய்ய வந்த பையன் ஏணியில் ஏறிவிட்டான், மெயினை அணைக்காமல்! "ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கு சார்." பழைய கட்டடங்களில் ஸ்விட்ச் பேஸை வெட்டுகிறதா, நியூட்ரலை வெட்டுகிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு நேராக கரண்ட் கொடுக்கிற எல்.இ.டி. டியூப்பில் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு வயரும் ஒரே முனையில். இன்னொன்றில் ஒரு முனை பேஸ், மறுமுனை நியூட்ரல். இந்த இரண்டாவதில் ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு மறுபக்கப் பின்னைக் கையில் பிடித்தால், சர்க்யூட்டை முடித்துவைப்பது நீங்கள்தான். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையனை ஏறவிட்டோம். முடிந்ததும் பட்டியிலெல்லாம் 'எல்.இ.டி. மட்டும்' என்று மார்க்கரில் எழுதச் சொன்னேன். நாளைக்கு யாராவது பரணிலிருந்து பழைய டியூப்பை எடுத்து மாட்டினால், தடுக்க சோக் கிடையாதே.

ஆனால் நான் பயந்தது மூலையில் இருந்த சாணைக்கல்லுக்குத்தான். நம்மூர் கரண்ட் 50 சைக்கிள். அதனால் சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. சாணைக்கல் மோட்டார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று. வெளிச்சத்தின் துடிப்பும் கல்லின் சுற்றும் ஒத்துப்போனால், முழு வேகத்தில் ஓடும் கல் மெதுவாகத் திரும்புவது மாதிரி, ஏன், நின்றே போன மாதிரிகூடத் தெரியும். ஸ்போக்ஸ் பின்னால் சுற்றுவதாக சினிமாவில் பார்த்திருப்பீர்களே, அதே வித்தை. இங்கே ஏமாந்தால் விரல் போகும். அதனால்தான் பெரிய ஃபாக்டரிகளில் பக்கத்துப் பக்கத்து டியூப்களுக்கு வேறு வேறு பேஸ் கொடுப்பார்கள்.

எல்.இ.டி. வந்தால் இது தீர்ந்ததா? நல்ல டிரைவர் உள்ளே இருந்தால் தீர்ந்தது. மலிவு சரக்கில் அதே 100 துடிப்பு இருக்கும். கடையிலேயே எரியவிட்டு செல்போன் கேமராவை நீட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், கடைக்காரர் எவ்வளவு டிஸ்கவுன்ட் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். மாஸ்டர் முதலில் வாங்கிவந்த டியூப்பில் பட்டை ஓடியது. முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிவந்தார்.

கழற்றிய டியூப்களைப் பையன்கள் சுவரில் அடித்து உடைக்கத் தயாரானார்கள். உள்ளே பாதரசம், தம்பிகளா! கொஞ்சமே கொஞ்சம்தான், சில மில்லிகிராம். ஆனால் கோடைக்கானலில் தெர்மாமீட்டர் ஃபாக்டரி 2001-ல் மூடப்பட்ட காரணமே இந்தப் பாதரசம்தான். 2023-ல் ஜெனிவாவில் கூடிய நாடுகள், ஃப்ளோரசன்ட் டியூப் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவு செய்திருக்கின்றன. நம் நாட்டு இ-வேஸ்ட் விதிகளிலும் 2016-லேயே இந்த விளக்கு சேர்ந்தாகிவிட்டது.

காயலாங்கடைக்காரர் வந்தார். தாமிரத்துக்காக எட்டு சோக்கையும் ஆசையாய் எடை போட்டார். டியூப்பை நீட்டினதும், "அத்த நீயே வெச்சிக்கோ நைனா" என்று சைக்கிளை மிதித்துவிட்டார். அவை இப்போது பேப்பர் சுற்றி ஒர்க்‌ஷாப் பரணில் படுத்திருக்கின்றன. இ-வேஸ்ட் எடுக்கிற ஆளைத் தேடிப் பிடிக்கும் வேலையை மாஸ்டர் என் தலையில் கட்டியிருக்கிறார்.