விடுமுறை யாருக்கு?

கோடை விடுமுறை என்றதும் குழந்தைகள் துள்ளுகிறார்கள். பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். எங்கே அழைத்துச் செல்வது? எவ்வளவு செலவாகும்? ஊட்டியா, ஏற்காடா, சென்னையிலுள்ள கேளிக்கைப் பூங்காவா? கணக்கின் கடைசி வரியில் 'இயலாது' என்று விடை வந்துவிட்டால், பிள்ளையை ஏதேனும் ஒரு கோடைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். பணமுள்ளவர்க்குப் பயணம், நடுத்தரத்தார்க்குப் பயிற்சி வகுப்பு, அதற்கும் வழியில்லாதவர்க்குத் தெருவெயில். இதற்குத்தானா ஆண்டு முழுவதும் குழந்தைகள் காத்திருந்தார்கள்?

தோழர்களே! குடும்பம் முழுவதும் ஒன்றாய் இருக்கும் ஒரு நாளே உண்மையான விடுமுறை என்பது என் கருத்து. அந்த ஒரு நாளுக்குத் தொலைவும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பட்டுச் சொல்கிறேன்.

நான் ஒரு தையற்காரரின் மகன். பிழைப்புத் தேடி ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. பள்ளிகள் மூடினால் எங்களுக்கு விடுமுறை; அப்பாவுக்கோ அப்போதுதான் வேலை மும்முரமாகும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்தாக வேண்டும். நள்ளிரவு வரை தையல் மிஷின் ஓடும். அம்மா காஜா எடுப்பார். அக்கா பொத்தான் தைப்பாள். நானும் தம்பியும் நூல் பிசிறு வெட்டுவோம். ஊரார் பிள்ளைகள் புதுச் சட்டையோடு பள்ளிக்குப் போவதற்காக எங்கள் விடுமுறை ஆண்டுதோறும் கத்தரிக்கப்பட்டது.

நான் ஏழாம் வகுப்பு முடித்த ஆண்டு, தம்பி அழுது அடம்பிடித்ததன் விளைவாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கடையைப் பூட்டினார். சித்தூரில் ரயிலேறினோம், பாகாலா வழியாகச் சந்திரகிரி போய் இறங்கினோம். அங்கே ராஜமகாலின் வளைவுகளை அண்ணாந்து பார்த்த அப்பா, "சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற வளைவு மாதிரியே இருக்கிறது, பார்த்தாயா?" என்றார். மூன்று தளங்கள் கொண்ட அம்மாளிகை மரமே இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்டது என்று அறிந்ததும், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மண்டபத்தைக் காலடியால் அளந்து நீளம் சொன்னார். ஆண்டு முழுவதும் முதுகை மட்டுமே எங்களுக்குக் காட்டி உழைத்த மனிதர் அன்று முகத்தைக் காட்டினார். அப்பாவுக்கு இத்தனை பேசத் தெரியுமா என்று வியந்தேன். வளைவு எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்ற கேள்வி அன்று மனத்தில் விழுந்தது. நான் இன்று அறிவியல் பயில்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் இனிமை. ஆனால் இக்கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைப் பல ஆண்டுகளுக்குப் பின் அக்காதான் எனக்குச் சொன்னாள்: "அன்று அம்மா எதைப் பார்த்தார், தெரியுமா? பைகளைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்." விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறியவர் அம்மா, வீடு திரும்பியதும் பாத்திரம் துலக்கியவர் அம்மா, அதன்பின் விளக்கடியில் அமர்ந்து, விட்டுப்போன காஜாக்களை எடுத்தவரும் அம்மா. ஐவர் போனோம், நால்வர்தாம் விடுமுறை கொண்டாடினோம். மகளிர் உரிமை பற்றி மன்றங்களில் முழங்குகின்ற நாம், மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை மறந்துவிடுகிறோம்! ஆகவே என் முதல் விதி இது: விடுமுறை நாளில் அடுப்பு ஆண்கள் பொறுப்பு. ஆண்பிள்ளை கட்டிய சோறு கெட்டுப்போய்விடாது. அதுவும் இயலாதென்றால், கடையில் நான்கு பொட்டலம் இட்டலி வாங்கிக்கொள்ளுங்கள்.

"இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பார் சிலர். உலகமே திருப்பதிக்கு வருகிறது. திருப்பதியில் வாழ்கின்ற நாமோ அதைப் பார்ப்பதில்லை! மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது பாறைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே கிடப்பது மிகத் தொன்மையான கிரானைட்டு. அதன்மேல் அடுக்கடுக்காய் நிற்பது, மணல் படிந்து இறுகி உருவான குவார்ட்சைட்டு. இவ்விரண்டும் சேருமிடத்தில் பல பத்துக் கோடி ஆண்டுகளின் வரலாறு காணாமற்போயிருக்கிறது. அந்நெடுங்காலத்துப் பாறை அங்கே இல்லை. அந்த இடைவெளியின்மேல் ஒரு குழந்தை விரலை வைக்கலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. திருமலைக் கோயிலுக்கு வடக்கே சிறிது தொலைவில் நிற்கும் சிலாதோரணமும் அத்தகைய சின்னமே. ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அக்கல் வளைவை இயற்கையின் அரிப்பே செதுக்கியது. தரிசன வரிசையில் பல மணி நேரம் நிற்கும் குடும்பங்கள், இதற்கு அரைமணி ஒதுக்கலாகாதா?

அலிபிரிப் பக்கத்தில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது; தொட்டும் சுழற்றியும் பார்த்துக் கற்க வேண்டிய இடம். 1987ஆம் ஆண்டில் தொடங்கிய வேங்கடேசுவரா உயிரியல் பூங்கா, பரப்பில் நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சந்திரகிரிக் கோட்டையோ ஒரு பாடநூல். 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் பெற்றபோது, அந்நிலம் விசயநகர மரபின் கடைசி அரசர்களுடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர்களின் தலைநகராய் விளங்கியது இச்சந்திரகிரி. சென்னையின் பிறப்புக் கதையைத் தேடுவோர் இங்கும் வந்து பார்க்க வேண்டும். அங்குள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் 15 வயதுக்கு உட்பட்டோர்க்குக் கட்டணம் இல்லை.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டு 15 முதல், ஆந்திர மாநிலத்தில் குடியிருக்கும் பெண்கள் 'ஸ்திரீ சக்தி' திட்டத்தின்படி 'பல்லெ வெலுகு', எக்ஸ்பிரஸ் முதலிய அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். அடையாள அட்டை காட்டினால் போதும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் டிக்கெட்டுச் செலவு இல்லை என்றால், குடும்பச் செலவில் பாதி குறைந்ததன்றோ? ஆனால் புலம்பெயர்ந்த நம்மவர் பலர் இன்னும் பழைய ஊர் முகவரியையே அட்டையில் வைத்திருக்கிறார்கள். அதை மாற்றிக்கொள்ள உதவுவதும் படித்தவர் கடமை.

வெயில் கொடிது, 40 பாகையைத் தாண்டும். ஆதலால் காலை பத்து மணிக்குள் பார்த்து முடியுங்கள், அல்லது மாலையில் கிளம்புங்கள். அருவி தேடிக் கோடையில் கபில தீர்த்தத்துக்குப் போய் ஏமாறாதீர்கள். அது மழைக்கால அழகு. தசரா விடுமுறைக்குப் பின் மழை பிடித்ததும் போகலாம். மலைப்படி ஏறுவோர் குழந்தைகளைத் தனியே விடவே கூடாது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை ஒரு குழந்தையின் உயிரைப் பறித்ததை மறக்கலாகாது.

"ஒரு நாள் கடையை மூடினால் ஒரு நாள் கூலி போகுமே!" என்று உழைப்பாளி கேட்டால், அக்கேள்வி நியாயமானது. அவர்க்கு நான் மொட்டைமாடியைக் காட்டுவேன். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே அண்ணாந்து பாருங்கள். ஏழு முனிவர் மண்டலம் உயரத்தில் நிற்கும். அதன் வால் வளையும் வழியே கண்ணை ஓட்டினால் சுவாதி. மேலும் ஓட்டினால் சித்திரை. தென்கிழக்கில் விருச்சிகம் எழும். துருவமீன் நம் பகுதியில் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே இருக்கும்; மலையடியில் குடியிருப்போர்க்கு மலையே அதை மறைத்துவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஒரு சுண்ணக்கட்டி இருந்தால் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம்: மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. அடுத்த வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தையும் அழையுங்கள். நாம் ஆடுபுலி என்பதை அவர்கள் 'புலி மேக' என்பார்கள். நம் பல்லாங்குழி அவர்களுக்கு 'வாமன குண்டலு'. பெயர்தான் இரண்டு; ஆட்டம் ஒன்றே. குழந்தைகள் இதைத் தாமாகவே கண்டுகொள்ளட்டும். நாட்டு ஒற்றுமை பற்றி நாம் சொற்பொழிவாற்ற வேண்டியிராது.

புலம்பெயர்ந்தோராகிய நமக்கு விடுமுறை என்றால் 'ஊருக்குப் போவது' என்று பொருள். போகட்டும், பாட்டி தாத்தாவைப் பார்க்கட்டும். ஆயினும், வாழும் ஊரைப் பேருந்து நிலையம் போல எண்ணி எத்தனை காலம் காத்திருப்பது? நம் பிள்ளைகள் பிறந்ததும் வளர்வதும் இங்கேதான். திருமலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. ஏர்ப்பேடு மண்டலத்துக் குடிமல்லத்தில், இந்நாட்டின் மிகப் பழைய சிவலிங்கங்களுள் ஒன்று நிற்கும் கோயிலிலும் பல்லவர், வாணர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. திருச்சானூரையும் காளத்தியையும் தழுவி ஓடும் ஸ்வர்ணமுகியைத் தமிழர் பொன்முகலி என்று அழைத்தனர். இதைச் சொல்வது எல்லைச் சண்டைக்காக அன்று. 1960ஆம் ஆண்டிலேயே திருத்தணி அங்கும் திருப்பதி இங்கும் என்று முடிந்துவிட்டது. தமிழெழுத்து அறியாமல் வளர்கின்ற நம் வீட்டுக் குழந்தை, 'இது என் வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு சுவரைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அன்று அக்குழந்தைக்கு இவ்வூர் அயலூர் ஆகாது. தமிழும் அயல்மொழி ஆகாது.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். உணவு விடுதிகளிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவர்களின் குழந்தைகளுள் ஐவரை, விடுமுறையில் ஒரே ஒரு நாள், நம்மில் மூவர் சேர்ந்து அழைத்துச் செல்லலாகாதா? ஒருவர் பாறையைக் காட்டட்டும். ஒருவர் கல்வெட்டைக் காட்டட்டும். ஒருவர் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கட்டும். அன்று மாலை பெற்றோரையும் மொட்டைமாடிக்கு வரவழைத்து, கண்டதைக் குழந்தைகள் வாயாலேயே சொல்லச் செய்வோம். விழா நடத்துவதினும் இது பெரிய தொண்டு.

பிறர்க்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு முழுதும் உட்கார்ந்து நானே பொத்தான் தைத்துக் கொடுக்கப்போகிறேன். ஞாயிறு காலை புளிச்சோறு என் கையால். சந்திரகிரியில் பைகளை வைத்துக்கொண்டு மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன். அம்மா ராஜமகாலுக்குள் போய்வரட்டும்.