ஒற்றைக் காலில் நின்றது போதும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் தவம் செய்கிறவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கைகள் தலைக்கு மேலே. விலா எலும்பை எண்ணிவிடலாம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அவரைத்தான் காட்டுகிறோம். அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அதை யாருக்கும் காட்டுவதில்லை. ஒரு உயிர் தன் உடம்பைக் கவனித்துக்கொள்வதும் கல்லில் செதுக்கத் தக்கது என்று பல்லவர் காலத்துச் சிற்பிக்குத் தோன்றியிருக்கிறது. நமக்குத் தோன்றவில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை இருக்கும் நாம், உடம்பை வருத்தியவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்; கொஞ்சம் படுத்து எழுந்தவரைச் சோம்பேறி என்கிறோம். புது வருஷம் பிறந்திருக்கிறது. நம் கணக்கை நாமே ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

முதலில், நம் புத்தாண்டுச் சபதம். காலை நாலரை மணிக்கு எழுவேன், பத்து கிலோமீட்டர் ஓடுவேன், சோற்றைத் தொடமாட்டேன் என்று ஜனவரி ஒன்றாம் தேதி அறிவிக்கிறோம். புது ஷூ வாங்குகிறோம், படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். பொங்கலுக்குள் ஷூ கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. அந்தப் பாறையிலேயே முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவக்கோலத்தில் நிற்கும் பூனை ஒன்று உண்டு, காலடியில் எலிகள். நம் சபதம் அந்தப் பூனையின் தவம். முடியாததைச் சபதம் செய்தால் முடிந்ததையும் செய்யாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்பது நமக்கு உள்ளூரத் தெரியும்.

இரண்டாவது, மாத்திரை. தமிழ்நாட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று 2020இல் நடந்த ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. தன்னார்வலர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அளந்து பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நாம் என்ன செய்கிறோம்? வாங்கிய அட்டையை அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் வைக்கிறோம். ஒருமுறை பிரஷர் 120 என்று காட்டிவிட்டால், “குணமாயிடுச்சு” என்று நாமே தீர்ப்பு எழுதி நிறுத்திவிடுகிறோம். அளவு குறைந்தது அந்த மாத்திரையால்தான் என்பது நம் புத்திக்கு எட்டுவதில்லை. அடுத்த பரிசோதனைக்கு முந்தின நாள் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்களும் நம்மில் உண்டு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, அப்பளம், ஊறுகாய், அதன்மேல் மோருக்குத் தனியாக ஒரு சிட்டிகை என்று சாப்பிடும் கடலோரத்து நாம், அந்த ஐந்து கிராமை மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுகிறோம்.

மூன்றாவது, மூச்சு. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. சிற்பக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால், கிரைண்டர் கல்லில் பட்டதும் வெள்ளைப் புழுதி எழும்பி, சிற்பியின் புருவத்திலும் இமையிலும் படிகிறது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். கருங்கல் தூளிலுள்ள சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. துண்டு அதைத் தடுக்காது. நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டால் அந்தத் தழும்பை ஆற்ற மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் புழுதி அடங்கும், சரியான முகக்கவசம் போட்டால் மூச்சு தப்பும். இதெல்லாம் தெரிந்தும், சாமி சிலைக்கு விலை பேசும்போது அந்தக் கவசத்தின் விலையையும் சேர்த்துதான் பேரம் பேசிக் குறைக்கிறோம். போகி அன்று டயரைக் கொளுத்துவதும் நாம்தான். விடிந்ததும் குழந்தைக்கு வீசிங் என்று ஆட்டோ பிடிப்பதும் நாம்தான்.

நான்காவது, தூக்கம். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி ஷிப்டு முடித்துத் திரும்புகிறவருக்குப் பகலில் தூக்கம் வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, காதுகுத்துக்குப் பாட்டுப் போடுகிறோம். காலை ரயிலில் ஏறியவர்கள் நின்றபடியே கண்ணயர்கிறார்கள். செங்கல்பட்டை விட்டதும் ஜன்னலோரம் கொளவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. விழித்திருக்கிறவர்களும் செல்போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் ரிசார்ட் கட்டி, வருகிறவர்களுக்கு ஓய்வை விற்கக் கற்றுக்கொண்டோம். அங்கே படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு வார விடுமுறை உண்டா என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. அடிபட்ட பிறகு காப்பாற்ற அரசு இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் வண்டி எடுக்காதே என்று சாவியை வாங்கி வைக்க வேண்டியவர்கள் நாம், வைத்ததில்லை.

ஐந்தாவது, மனசு. ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் கடலில் பால் ஊற்றி, பூப்போட்டு, சுனாமியில் போனவர்களை நினைக்கிறோம். 2004க்குப் பிறகு இராத்திரி அலைச்சத்தம் கூடினால் எழுந்து உட்கார்ந்துவிடும் அம்மாவை, குடியில் தன்னைத் தொலைத்த அண்ணனை யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. “எல்லாம் சரியாப் போயிடும்” என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்தோம். 14416 என்று ஒரு எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து மனநல ஆலோசனைக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் எண் ஒட்டியிருக்கும் சுவரில் இதையும் எழுதி வைத்திருக்கலாம்.

இத்தனையிலும் கனமான குற்றம் ஒன்று மிச்சமிருக்கிறது. நம்மில் யாராவது நடைப்பயிற்சி, தியானம் என்று உடம்பைப் பார்த்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம். ஐயா வாக்கிங் போய் வருவதற்குள் கஷாயம் தயாராக இருக்க வேண்டும். கஷாயம் போட்டவருக்கு மூட்டு வலி, அது யார் கணக்கிலும் இல்லை. இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதை நாம் உடற்பயிற்சி என்று சொல்லிச் சமாளித்தோம். நிற்பது வேறு, தன் இஷ்டத்துக்குக் கைவீசி நடப்பது வேறு.

ஆகவே இந்த வருஷம் பெரிய சபதம் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் போதும் என்கிறார்கள். நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை. மாவட்டந்தோறும் அமைத்த எட்டு கிலோமீட்டர் நடைபாதை 2023 நவம்பரிலிருந்து இருக்கிறது. அதில் அரை கிலோமீட்டர் நடந்துவிட்டுத் திரும்பி வந்தால் யாரும் கேலி செய்யப்போவதில்லை. மோரில் உப்பைக் குறைக்கலாம். மாத்திரை அட்டையைப் பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் வைக்கலாம். பக்கத்து வீட்டு நைட் ஷிப்டுக்காரருக்காக ஸ்பீக்கரைத் தணிக்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். நம் வீட்டில் இதுவரை ஒருமுறைகூடப் பிரஷர் பார்த்துக்கொள்ளாதவர் யார் என்று கேட்போம். அநேகமாக நமக்குச் சோறு போட்டவராகத்தான் இருப்பார். “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பார். விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவோம். அன்றைக்குச் சமையலும் நம்முடையது, பாத்திரமும் நம்முடையது.